போடி மலைமேல் ஒரு தூண்டில்

சித்திரை மாதத்து நடுப்பகலில் தேனி ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருகிற ஒருவரிடம், "வாருங்கள், மூன்று மணி நேரத்தில் உங்களைக் குளிரில் நடுங்க வைக்கிறேன், அங்கே ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கலாம்" என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய தலையில் வெயில் ஏறிவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சொன்னவர் நமது பழைய நண்பர். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். ஏலக்காய் விலையைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாமா என்பது வேறு விஷயம். மீனைப் பற்றி அவர் பொய் சொல்லி நாம் கேட்டதில்லை. மீன் பிடிக்கிறவர்களிடத்தில் இது அபூர்வமான குணம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மதுரையிலிருந்து போடி வரையில் 1928-ம் ஆண்டில் ரயில் வந்தது. யுத்த காலத்தில் நின்றது. பிறகு மறுபடியும் ஓடிற்று. அகலப் பாதை போடுவதற்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்று, 2022-ல் தேனி வரையிலும், 2023-ல் போடி வரையிலும் திரும்ப வந்தது. ஆகவே, நாம் போடிக்கே நேராகப் போயிருக்கலாம். நண்பர்தான், "தேனியிலேயே இறங்கிவிடுங்கள், மலைக்குப் போவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

பாடம் நடந்த இடம் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் முல்லை ஆறு ஓடுகிறது. 1895-ல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் ஜலம், மலையைக் குடைந்து வந்து, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் பசுமையாக்கிய பிறகு இந்த வழியாகத்தான் போகிறது. கோடையாதலால் ஆறு இளைத்திருந்தது. கரையில் பத்து வயதுப் பையன் ஒருவன் மூங்கில் கழியும் தங்கூஸ் நரம்புமாக உட்கார்ந்திருந்தான். மயிலிறகின் அடித்தண்டை நறுக்கித் தக்கையாகக் கட்டியிருந்தான். பக்கத்துப் பாத்திரத்தில் ஐந்தாறு ஜிலேபி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"எப்ப இழுக்கணும்னு உனக்கு எப்படிடா தெரியுது, தம்பி?" என்று நண்பர் கேட்டார்.

"தக்கை முங்குனா இழுக்கணும் சார்" என்றான் பையன். பிறகு, தொழில் ரகசியத்தைச் சொல்லலாமா கூடாதா என்று சற்று யோசித்துவிட்டு, "ஆனா எல்லா மீனும் முக்காது. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், தக்கை மட்டும் சும்மா நிக்கும் பாருங்க. அப்ப இழுக்கணும். அதுதான் பெரிய மீனு" என்றான்.

நண்பர் வெகு திருப்தியுடன் நம்மைத் திரும்பிப் பார்த்தார். "முடிந்தது பாடம். இதைச் சொல்வதற்கு இங்கிலீஷ்காரர்கள் பெரிய பெரிய புஸ்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்" என்றார். அப்போது நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் விளங்கிற்று.

போடியைத் தாண்டினால் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. போடிமெட்டுப் பாதை கொண்டையூசி வளைவுகளாக அதன்மேல் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஒரு படி கீழே இறங்குகிறது. உஷ்ணமும் ஒரு படி இறங்குகிறது. தேனி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. மூணாறோ 5,000 அடிக்கும் மேலே. ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி சென்டிகிரேட் குறையும் என்பது கணக்கு. ட்ரவுட் மீனின் ஜாதகம் முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. பத்து முதல் பதினெட்டு டிகிரி வரை குளிர்ந்த ஜலத்தில் அது சௌக்கியமாக வாழும். இருபத்தைந்தை நெருங்கினால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஏனெனில் உஷ்ணம் ஏற ஏற, ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான், மலைக்குக் கிழக்கே இறங்கும் கொட்டகுடி ஆற்றிலும் சுருளியிலும் ட்ரவுட்டுக்கு வேலையில்லை. மலை ஓரத்து மரங்களுக்கிடையில் அவை அழகாகத்தான் பாய்கின்றன. ஆனால் சீக்கிரமே வெயிலுக்கு வந்துவிடுகின்றன.

பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் நண்பர். புதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி கூவுவது கேட்டது. நம்முடைய வீட்டுச் சேவல் தொண்டை கட்டிக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு சப்தம். "இந்தப் பறவையின் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தென்னாட்டுக் காடுகளில் வசிக்கும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுகளில், மெழுகு சொட்டு வைத்தாற்போல் மஞ்சள் நிறப் பொட்டுகள் இருக்கின்றன. இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் ஸாமன் மீனுக்குப் போலி ஈ கட்டுகிறவர்கள் அந்தப் பொட்டைக் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காக இந்தச் சேவல்களின் கழுத்துத் தோல் வெகு காலம் கப்பலேறிற்று. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். "தேயிலை இங்கேயிருந்து போயிற்று, ஏலம் போயிற்று, அவர்கள் ஊர் மீனைப் பிடிக்கிற இறகு கூட இங்கேயிருந்துதான் போயிற்று" என்றார் நண்பர். "பதிலுக்கு என்ன வந்தது?" என்று கேட்டோம். "மீன் வந்தது" என்றார்.

மீன் வந்த கதை ரஸமானது. துரைமார்களுக்கு நமது மலைகளில் எல்லாம் கிடைத்தன: குளிர், மூடுபனி, கணப்பு அடுப்பு, ரோஜாச் செடி. ஓடைகளைப் பார்த்தபோதுதான் மனம் ஏங்கிற்று. எல்லாம் ஸ்காத்லாந்து மாதிரியே இருக்கிறது. ட்ரவுட் மட்டும் இல்லை! 1860-களில் பிரான்ஸிஸ் டே என்னும் டாக்டர் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். இந்திய மீன்களைப் பற்றி மகத்தான நூல் எழுதியவர் அவர், அவராலேயே முடியவில்லை. காச்மீரத்துக்கு அனுப்பிய முதல் முட்டைகள் வழியிலேயே அழிந்து, 1900-ல் வந்தவை பிழைத்தன. நீலகிரியில் எச். சி. வில்ஸன் என்பவருடைய முயற்சியால், 1907-ம் ஆண்டை ஒட்டி, அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டு மீன் நிலைத்தது. ஆனால் அங்கே நிலைத்தது எது? பிரிட்டிஷ் ஓடைகளின் பழுப்பு ட்ரவுட் அல்ல. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் ட்ரவுட். அதன் ஜன்மபூமி அமெரிக்காவின் பஸிபிக் கரை! தாய்நாட்டு ஞாபகத்துக்காக இவ்வளவு பாடுபட்ட துரைமார், கடைசியில் ஓர் அமெரிக்க மீனைப் பிடித்துக்கொண்டு தாய்நாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். இலங்கையில் நுவரெலியா மலைகளிலும் வானவில் ட்ரவுட்தான் நன்றாகப் பெருகிற்று. பிற்பாடு மூணாறு மலைகளுக்கும் அதே இனம் வந்தது. ராஜமலையில் ஒரு பொரிப்பகமும் ஏற்பட்டது.

மூணாறுக்குத் தேயிலை வந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு காடு தோட்டமாயிற்று. அந்தத் தோட்டங்களை உண்டாக்கிய கைகள் தமிழர்களுடையவை. கொட்டகுடியிலிருந்து ஒற்றையடிப் பாதையாகக் குரங்கணி மலை ஏறித்தான் பலர் மேலே போனார்கள். அவர்கள் ஏறிய மலையிலேயே தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இறங்கின. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். பிறகு சின்ன ரயிலே ஓடிற்று. 1924-ம் ஆண்டு வெள்ளம் அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. குரங்கணி என்றால் இப்போது எல்லாருக்கும் ஞாபகம் வருவது வேறு: 2018 மார்ச்சில் நடந்த காட்டுத்தீயும், அதில் மாண்ட இளைஞர்களும். அந்தப் பெயரைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசாமல் வந்தார்.

இரவு ஒரு தோட்டத்தில் தங்கினோம். நண்பர் அங்கே ஓர் ஓடையில் ஒரு நாள் மீன் பிடிப்பதற்கு முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். அன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்த காரியத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து கொத்துமல்லி விதை அளவுள்ள ஒரு முள்ளை எடுத்துச் சிறு இடுக்கியில் மாட்டினார். போடிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தானாக உதிர்ந்து கிடந்த மயிலிறகின் இழைகள் நாலைந்தை எடுத்தார். பழைய பம்புசெட்டு மோட்டாரிலிருந்து பிரித்த, தலைமயிர் போன்ற தாமிரக் கம்பியை முள்ளின்மேல் நெருக்கமாகச் சுற்றினார்; அதன்மேல் மயிலிழையைச் சுற்றினார்; வால் மாதிரி மூன்று நுனிகளை விட்டார். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தடிமனாக்கினார். ஐந்து நிமிஷத்தில், செத்துப்போன பூச்சி மாதிரி பார்ப்பதற்கு அருவருப்பான ஒன்று தயாராயிற்று.

"இதையா மீன் தின்னும்?"

"ட்ரவுட் நாள் முழுவதும் தின்பது இதைத்தான்" என்றார்.

மலையோடைகளில் கல்லுக்கடியில் பலவிதப் பூச்சிகள் வசிக்கின்றன. இவற்றுள் ஒருவகைக்கு இங்கிலீஷில் மேபிளை என்று பெயர். இறகு முளைத்து வெளியே வந்தபின் அது ஒரு நாளோ, சில மணி நேரமோதான் உயிரோடிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சிலவகை வருஷக்கணக்கில், ஜலத்துக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டு காலம் தள்ளுகிறது. இந்த இளம் பருவத்துக்கு 'நிம்ப்' என்று பெயர். கிரேக்கர்களின் புராணத்தில் நீர்நிலைகளில் வசிக்கும் மோகினிகளுக்கும் இதே பெயர்தான்; மீன்களும் மோகித்துத்தான் வருகின்றன. மேற்பரப்பில் பறக்கிற பூச்சியைத் துள்ளி விழுங்கும் மீனைத்தான் மனிதன் பார்க்கிறான். ட்ரவுட் உண்ணும் இரையின் பெரும்பகுதியோ அடியில், அவன் கண்ணுக்குத் தெரியாமல் உண்ணப்படுகிறது.

இவ்வளவு எளிய விஷயத்துக்காக இங்கிலாந்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. நமது வடகலை தென்கலைச் சண்டைக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. ஹால்போர்டு என்னும் கனவானும் அவருடைய சீடர்களும், 'மிதக்கும் ஈயைக் கொண்டுதான், மேலே எழும்பித் தின்கிற மீனைத்தான் பிடிக்கவேண்டும். மற்றதெல்லாம் அநாசாரம்' என்று விதித்துவிட்டார்கள். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல் இட்சென் நதிக்கரையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். மீன் அசைகிறது, தின்கிறது, ஆனால் மேலே வரவில்லை. மேலே மிதப்பதைச் சீண்டுவதும் இல்லை. பிடித்த மீனின் வயிற்றைச் சோதித்தார், நிம்ப் நிறைந்திருந்தது. 1910-ல் முதல் புஸ்தகம் எழுதினார். 1939-ல், எண்பது வயதுக்கு மேல், நிம்ப் மீன்பிடிப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். இடையில் 1938-ல் லண்டனில் மீன்பிடிப்போர் சங்கத்திலே சபை கூட்டி, இந்த வழக்கம் தர்மமா அதர்மமா என்று விவாதித்தார்கள்! உலகம் இரண்டாம் யுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், கனவான்கள் சிலர் ஒரு பூச்சி மிதக்கவேண்டுமா முழுகவேண்டுமா என்று தர்க்கம் செய்தார்கள் என்றால், அந்த ஜாதியாரைப் பார்த்துச் சிரிப்பதா, மெச்சுவதா என்று தெரியவில்லை.

வக்கீல் சொன்னதைக் கைத்தொழிலாக்கியவர் ஒரு காவல்காரர். பிராங்க் ஸாயர் என்பவர் ஏவன் நதியின் ஒரு பகுதியைக் காவல் காத்துவந்தார். நூலே இல்லாமல் தாமிரக் கம்பியையும் பெஸன்ட் பறவையின் வால் இழையையும் மட்டும் சுற்றி, கனமான ஒரு நிம்ப் செய்தார். கம்பிதான் நூல், கம்பிதான் பாரம், கம்பிதான் பளபளப்பு. நண்பர் செய்தது அதன் போடி அவதாரம்.

பொழுது விடியும்போது ஓடைக்குப் போனோம். வழிகாட்டுவதற்குத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். அவருடைய தகப்பனார் துரைமார்கள் மீன் பிடிக்கப் போகும்போது பையும் வலையும் தூக்கிக்கொண்டு போனவராம். "முப்பது வருசம் தூக்குனாருங்க" என்றார் பெரியவர். "சின்னப் பிள்ளையில நானும் பின்னாடியே போவேன். தொரை கோலை எங்கப்பா துடைப்பாரு, எண்ணெய் போடுவாரு. வீசுனதில்ல."

ஓடை சோலைக்காட்டிலிருந்து வெளிப்படுகிற இடம் அது. புல்வெளி மலைகளின் மடிப்புகளில், குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த அந்தச் சோலைகள், மழையை வாங்கிப் பஞ்சுபோல் வைத்திருந்து, கோடை முழுவதும் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. முகட்டுக்கு மேற்கே விழுந்த துளி, முதிரைப்புழையாகிப் பெரியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தது கொட்டகுடி ஆறாகி வைகையோடு சேருகிறது. சோலையின் நிழலில் புறப்பட்டதனால்தான் ஓடை குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்திருப்பதனால்தான் மீன் இருக்கிறது. கையை விட்டோம், விரல்கள் மரத்துப்போயின.

நண்பர் முதலில் கோலைத் தொடவில்லை. ஒரு கல்லைப் புரட்டினார். அதன் அடிப்பக்கத்தில், மூன்று வாலுடன் தட்டையான பூச்சிகள் அவசரமாக ஓடின. மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழல்போல் வீடு கட்டிக்கொண்ட புழுக்களும் இருந்தன. நேற்றிரவு அருவருப்பாகத் தோன்றிய பொம்மையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நிறமும் அளவும் பெரும்பாலும் பொருந்தின. பார்த்து முடிந்ததும் பெரியவர் அந்தக் கல்லை வாங்கி, எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தார். "அதுங்க குடியிருக்கிற வீடுங்கய்யா" என்றார்.

ட்ரவுட் எப்போதும் பிரவாகத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். இரை மேலேயிருந்து மிதந்து வருமல்லவா? ஆகவே கீழேயிருந்து மேல்நோக்கி, அதன் வாலுக்குப் பின்னால் போகவேண்டும். நிழல் ஜலத்தில் விழக்கூடாது. கல்மேல் பூட்ஸ் அடித்தால் போச்சு. வேகமான நீரில் நிற்பதற்குச் சக்தி செலவாகிறபடியால், மீன் சோம்பேறியின் தந்திரம் செய்கிறது: பெரிய பாறைக்குப் பின்னாலோ, வேகமும் மந்தமும் சந்திக்கிற ஓரத்திலோ, கசத்தின் கடைவாயிலோ நின்றுகொண்டு, பக்கத்தில் ஓடுகிற வேகநீரிலிருந்து இரையை எட்டி எட்டிப் பிடிக்கிறது. சத்திரத்துத் திண்ணையில் படுத்துக்கொண்டே சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நண்பர் ஒரு பாறைக்குக் கீழே முழங்காலிட்டு, கோலின் நீளத்துக்கு அதிகமாகாத நரம்பை மேல்நோக்கி வீசினார். பொம்மை 'களுக்'கென்று விழுந்து முழுகிற்று. அது கீழ்நோக்கி வர வர, கோலின் நுனியை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தார். நரம்பு தொய்யவுமில்லை, இழுக்கவுமில்லை. எல்லா வித்தையும் இங்கேதான் இருக்கிறது. நீர் போகிற வேகத்துக்கு மேலாகவோ கீழாகவோ பொம்மை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் மீனுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பூச்சியும் நரம்பு பிடித்து இழுத்தாற்போல் ஓடையில் போவதில்லை. மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடுவது மற்றொரு சங்கடம். நரம்பு நீண்டு கிடந்தால் மேல்நீர் அதைப் பற்றி இழுத்துவிடும். அதனால்தான் பாறை மிகுந்த ஓடையில் குட்டை நரம்பு, உயர்த்திய கோல். போலந்து தேசத்தாரும் செக்குகளும் இந்த முறையைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கி, 1980-களில் சர்வதேசப் பந்தயங்களில் மற்றவர்களைத் திகைக்க வைத்தார்களாம்.

மீன் கவ்வினால் எப்படித் தெரியும்? துள்ளல் இல்லை, இழுப்பு இல்லை. ட்ரவுட் பொம்மையை வாயில் வாங்கி, ருசி பிடிக்காமல் துப்பிவிடுவதற்கு ஒரு கணம்தான் ஆகிறது. அந்த ஒரு கணத்தில் நரம்பு நிற்கும். அல்லது ஓர் அங்குலம் பக்கவாட்டில் போகும். அவ்வளவுதான். 'தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், தக்கை மட்டும் சும்மா நிக்கும்' என்று வீரபாண்டிப் பையன் சொன்னது அப்போதுதான் நமக்கு உறைத்தது. தக்கையையே நரம்பில் கட்டி மிதக்கவிடுகிறவர்களும் உண்டு. நண்பர் நரம்பில் மஞ்சள் சாயமிட்ட ஒரு துண்டை மட்டும் சேர்த்திருந்தார்.

முதல் வீச்சு ஒன்றுமில்லை. ஐந்தாவது வீச்சில் பக்கத்திலிருந்து "இப்போ!" என்று ஒரு குரல் வந்தது. நண்பர் கோலைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தோம்; பெரியவர் ஒன்றும் தெரியாதவர்போல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து மறுபடியும் "இப்போங்கய்யா!" இந்தத் தடவையும் நண்பர் பிந்திவிட்டார். நாமும் நரம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்றதாக நமக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவை குரலும் கோலும் ஒன்றாக எழுந்தன, கோல் வளைந்தது, ஒரு ஜாண் நீளத்தில் வெள்ளியும் ரோஜாவுமாக ஒரு மின்னல் ஜலத்துக்கு மேலே வந்து போயிற்று. நண்பர் அதை மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்தார். கையை நனைத்துக்கொண்டு பிடித்தார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய் நோய் பற்றும் என்றார். முள்ளில் கொக்கிப் பல் இல்லாதபடியால் சுலபமாகக் கழன்றது. நீரோட்டத்தை நோக்கி ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டது.

பிறகு நண்பர் செய்ததை நாம் எதிர்பார்க்கவில்லை. கோலை நீட்டி, "நீங்கள் வீசுங்கள், பெரியவரே" என்றார்.

பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கெதுக்குங்கய்யா?" என்றார். "பழக்கமில்லீங்க" என்றார். "கோல் முறிஞ்சா என்ன பண்றது?" என்றார். நண்பர் பேசாமல் நீட்டியபடியே நின்றார். கடைசியில் கையைக் கம்பளிச் சட்டையில் துடைத்துக்கொண்டு பெரியவர் கோலை வாங்கினார். முதல் வீச்சு மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது வீச்சில் பொம்மை பாறையில் போய் அடித்தது. அப்புறம் அவருடைய உடம்பு எதையோ ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. முழங்கை விலாவோடு ஒட்டிற்று. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. யாரோ ஒரு துரை வீசியதை, யாரோ ஒரு சிறுவன் பின்னாலிருந்து அறுபது வருஷத்துக்கு முன்னால் பார்த்துக் கற்றுக்கொண்ட வீச்சு.

அந்த வேளையில் நமது மனத்துக்குள் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்த மீன் இங்கே இருக்கலாமா? அந்நிய மீன், மாமிசபக்ஷிணி. இந்த ஓடைகளுக்கே உரிய சிறு மீன்களும், தவளைக் குஞ்சுகளும், பெயர் கூட வைக்கப்படாத பூச்சிகளும் அதற்கு இரை. உயிர்நூல் வல்லவர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்நியம் என்பதற்காக மட்டும் விரட்டுவதென்றால், வீரபாண்டிப் பையனின் பாத்திரத்திலிருந்த ஜிலேபியையும் விரட்டவேண்டும். அது ஆப்பிரிக்காவின் மீன். 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. வந்து நம்முடைய குளங்களையும் ஏரிகளையும் பிடித்துக்கொண்டது. நாம் கண்ட முடிவு இதுதான்: வந்து நூறாண்டு நெருங்கிய ஓடைகளில் இருந்துவிட்டுப் போகட்டும், புதிய ஓடை ஒன்றிலாவது இனிமேல் இதை விடக்கூடாது. வரையாடுகளுக்காகக் காக்கப்படும் இரவிகுளத்தின் மேட்டு ஓடைகளில், ட்ரவுட் எட்டாத அருவிகளுக்கு மேலே இருப்பவை நம்முடைய சொந்த மீன்களுக்கென்றே இருக்கவேண்டும். நண்பருக்கு இதில் பாதிதான் சம்மதம். "மீன் இருந்தால்தான் ஓடையைக் காக்க ஆள் இருப்பார்கள்" என்பது அவர் கட்சி. துரைமார் காலத்தில் மீனுக்காகச் சில சோலைகள் பிழைத்தன என்பதும், அதே துரைமார் தேயிலைக்காக எத்தனையோ சோலைகளை வெட்டினார்கள் என்பதும், இரண்டும் உண்மை.

"ஐயா!"

கோல் வளைந்திருந்தது. பெரியவர் நரம்பு நிற்பதை எப்போது பார்த்தார், எப்போது தூக்கினார் என்று நமக்குத் தெரியாது. நாம் இரவிகுளத்தில் இருந்தோம். மீன் பாறைக்கு அடியில் புகப் பார்த்தது, பெரியவர் விடவில்லை. வேகநீருக்குள் பாய்ந்தது, விட்டுக் கொடுத்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. கரைக்கு வந்தபோது முதல் மீனைவிட அது சற்றுப் பெரியதாகவே இருந்தது. முக்கால் ராத்தல் இருக்கலாம்.

நண்பருடைய வழக்கம், பிடித்ததை விட்டுவிடுவது. ஆனால் சீட்டின்படி இரண்டு மீன் எடுத்துக்கொள்ளலாம். "வீட்டுக்குக் கொண்டுபோங்கள், மகள் குழம்பு வைக்கட்டும்" என்றார்.

பெரியவர் மீனை நனைந்த கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். எத்தனையோ ட்ரவுட்டுகளை அவர் பார்த்திருக்கிறார். எல்லாம் துரையின் பையில். "எங்கப்பா ஒரு நாளும் தின்னதில்லீங்க. குடுக்க மாட்டாங்க" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி அதில் ஈரப் பாசியைப் பரப்பி, மீனை அதன்மேல் வைத்து மூடினார்.

பத்து மணிக்குள் வெயில் ஜலத்தின்மேல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மீன் அசையவில்லை. நண்பர் நரம்பைச் சுற்றினார். பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுந்தலையோடு, லயத்தை நோக்கி நமக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.